‘சாதி தடையில்லை’ – நம்மைத் தவிர!

திருப்பத்தூரிலிருந்து மலையேறும் பேருந்து புதூர்நாட்டைத் தாண்டி நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் போகும்போது, கைப்பேசியில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். சிக்னல் கிடைத்த ஓர் இடத்தில் நின்று, மலையில் பிறந்து கீழே கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவர் தன் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். நர்சிங் முடித்து வேலைக்குப் போகும் தன் அக்காவுக்கு வரன் பார்க்க, திருமணத் தகவல் தளம் ஒன்றில் அவர் பதிவு செய்திருந்தார்.

முகப்பில் மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி சிரிக்கிறது. உங்களுக்கென்று பிறந்தவர் இங்கே இருக்கிறார் என்ற பொருளில் பெரிய எழுத்தில் ஒரு வரி. அதன் கீழே, இலட்சக்கணக்கானோர் நம்பும் தளம், இலவசமாகப் பதிவு செய்யுங்கள் என்ற அழைப்பு. பார்க்கிற யாருக்கும் ‘நமக்கும் ஓர் இடம் இருக்கிறது’ என்றுதான் தோன்றும்.

பதிவைத் தொடங்கினால் வரிசையாகக் கேள்விகள் வருகின்றன. யாருக்காகப் பதிவு, பெயர், வயது, மதம், தாய்மொழி, அடுத்து சாதி. சாதியை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்கவில்லை. ஜவ்வாது மலையில் வாழும் பழங்குடியினருக்கு அரசுப் பட்டியலில் உள்ள பெயர் ‘மலையாளி’. அதைத் தட்டினால் தளம் கேரளத்துக்காரர்களைக் காட்டுகிறது. கடைசியில் அந்த மாணவர் ‘எஸ்.டி.’ என்ற இரண்டெழுத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். பதிவு முடிந்தது. வரன்கள் வரத் தொடங்கின. அவற்றில் ஒருவரின் குறிப்பில் இப்படி இருந்தது: “சாதி தடையில்லை. எஸ்.சி., எஸ்.டி. தவிர.”

“தடையில்லைன்னு போட்டுட்டு நம்மள மட்டும் ஏண்ணா தள்ளி வெக்கறாங்க?” என்று அந்த மாணவர் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இந்த வாரம் பதில் தேடுகிறோம். வரனின் குறிப்பை எழுதியவர் ஒரு தனிமனிதர். அவருக்கு அந்தக் கட்டத்தைக் கொடுத்து, அந்த வரியை வெளியிட்டு, அதில் வருமானமும் பார்க்கும் நிறுவனத்தின் பொறுப்பு என்ன? ‘எல்லோரும் வாருங்கள்’ என்று முகப்பில் அழைத்துவிட்டு, அடுத்த பக்கத்தில் ‘நீ யார்?’ என்று கேட்பது என்ன நியாயம்?

பழைய விளம்பரம், புதிய கட்டம்

இது இணையம் கண்டுபிடித்த பழக்கமல்ல. செய்தித்தாள்களின் மணமக்கள் தேவை விளம்பரங்களில் ‘எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக’ என்ற வரி நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் திருமணத் தகவல் தளங்கள் தொடங்கியபோது, தரகரின் நோட்டும் செய்தித்தாள் பத்தியும் கணினிக்கு மாறின. சாதியும் கூடவே ஏறிக்கொண்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி.காம் நிறுவனம் மொழிவாரித் தளங்களோடு நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான சமூகங்களுக்குத் தனித்தனித் தளங்களையும் நடத்துகிறது. நாட்டின் மிகப் பெரிய திருமணத் தகவல் நிறுவனங்களில் ஒன்று நம் மாநிலத்திலிருந்து இப்படி இயங்குகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தரகர் காலத்துக்கும் இன்றைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தரகர் ஒரு வீட்டில் சொன்ன சொல் அந்த வீட்டோடு போனது. தளத்தின் படிவம் ஒவ்வொரு நாளும் எண்ணற்ற பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறது. வயதையும் படிப்பையும் போல சாதியும் கட்டாயம் நிரப்ப வேண்டிய ஒரு விவரம் என்று, திருமணத்தைப் பற்றி இப்போதுதான் யோசிக்கத் தொடங்கும் இளைஞருக்கும் அது பாடம் நடத்துகிறது.

பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பிற சாதிகளுக்கு உட்பிரிவு, கிளை என்று நீளும் வரிசை, சில தளங்களில் நம்மிடம் வரும்போது ‘எஸ்.சி.’, ‘எஸ்.டி.’ என்று சுருங்கிவிடுகிறது. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் 76. பழங்குடிகள் 30-க்கும் மேல். இத்தனை மக்களும் இரண்டு சொற்களுக்குள் அடைக்கப்படுகிறார்கள். இந்தச் சொற்கள் எதற்காக உருவானவை? தீண்டாமையாலும் ஒதுக்கலாலும் பாதிக்கப்பட்டவர்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் பிரதிநிதித்துவத்திலும் உரிமை தருவதற்காக அரசமைப்பின் கீழ் 1950-ல் வெளியான ஆணைகளில் இடம்பெற்றவை. உரிமை தருவதற்காக வந்த பட்டியலை, ஒதுக்குவதற்கு வசதியான பட்டியலாக மாற்றியிருக்கிறார்கள். அரசமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை எந்த வடிவில் கடைப்பிடிப்பதையும் தடை செய்கிறது. ‘தவிர’ என்ற அந்த ஒற்றைச் சொல் எந்த வடிவம் என்பதை நிறுவனங்கள்தான் நமக்கு விளக்க வேண்டும்.

‘வாடிக்கையாளர் கேட்கிறார்’ என்ற பதில்

இப்படிக் கேட்டால் வழக்கமாக வரும் பதில் ஒன்று உண்டு. ‘நாங்கள் சாதியை உருவாக்கவில்லை, மக்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம்.’ இதை முழுப் பொய் என்று நாம் தள்ளிவிட முடியாது. இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின் 2011-12 கணக்குப்படி, நாட்டில் சாதி கடந்து நடந்த திருமணங்கள் நூற்றுக்குச் சுமார் 5 மட்டுமே. மேற்கு வங்கத்தில் ஒரு வங்காள நாளிதழின் மணமக்கள் விளம்பரங்களை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2013-ல் வெளியானது. வேறு சாதி மாப்பிள்ளையைத் தவிர்ப்பதற்காக, முதுகலைப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இடையிலான வித்தியாசத்தையே விட்டுக்கொடுக்கும் அளவுக்குப் பெண்வீட்டாரின் சாதி விருப்பம் இருந்தது என்று அது கண்டது.

விருப்பம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் விருப்பத்துக்கு யார் தீனி போடுகிறார்கள் என்பது தனிக் கேள்வி. 2020 ஜூன் மாதம் அமெரிக்காவில் கறுப்பினத்தவர் உரிமைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்தபோது, ஷாதி.காம் தளத்தில் தோல் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதி இருப்பதை எதிர்த்து அங்குள்ள தெற்காசியப் பெண்கள் இணையத்தில் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். நிறுவனம் அந்த வசதியை நீக்கியது. அதே மாதத்தில் ஒருபால் ஈர்ப்பாளர்களுக்கான கிரைண்டர் செயலி, இனத்தை வைத்து ஆள் தேடும் வசதியை எடுத்துவிடுவதாக அறிவித்தது. சிவப்பான பெண் வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் அதற்கு முந்தின நாளும் இருந்தார்கள், அடுத்த நாளும் இருந்தார்கள். அதனால் தளம் மூடப்படவில்லை. ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவது நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

நிறத்துக்குக் கிடைத்த அந்த நியாயம் சாதிக்கு ஏன் கிடைக்கவில்லை? அதே 2020-ல் பிரிட்டனின் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகை ஷாதி.காம் பற்றி ஒரு செய்தி வெளியிட்டது. உயர்சாதி என்று பதிவு செய்தவருக்குப் பட்டியல் சாதியினரின் விவரங்களைத் தளம் தானாகக் காட்டுவதில்லை என்பது அதன் சாரம். பாகுபாடு எதுவும் இல்லை என்று நிறுவனம் மறுத்தது. அந்த வழக்கு எப்படியும் இருக்கட்டும். பயனர் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு முன்பே, சொல்வார் என்று தளம் முடிவு செய்து நம்மை மறைத்தால், அது அவருடைய விருப்பமா, தளத்தின் விருப்பமா? யார் முன்கூட்டியே டிக் அடித்து வைக்கிறார்களோ அவர்களுக்கே பொறுப்பு.

யாரைக் கட்டிக்கொள்வது என்பது அவரவர் உரிமை. அந்த உரிமைக்காகத்தான் நாமே இத்தனை ஆண்டுகளாகப் போராடுகிறோம். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தி மணக்கச் சொல்லவில்லை. ஒரு தனிமனிதரின் மனதில் இருப்பது வேறு, அதை ஒரு நிறுவனம் அச்சடித்து, வரிசைப்படுத்தி, கட்டணம் வாங்கி விற்பது வேறு என்பதே நம் வாதம்.

சாதி நிற்கும் இடம்

இந்தச் சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய பேச்சா என்று சிலர் நினைக்கலாம். அம்பேத்கர் தம் 25-ஆவது வயதில், 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், சாதியின் அடிப்படையே தம் வட்டத்துக்குள் மணம் முடிக்கும் வழக்கம்தான் என்று நிறுவினார். 20 ஆண்டுகள் கழித்து லாகூரில் பேசுவதற்காக அவர் எழுதிய உரை, அமைப்பாளர்கள் பின்வாங்கியதால் மேடையேறாமல் 1936-ல் ‘சாதி ஒழிப்பு’ என்ற நூலானது. சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி போகாது, கலந்து மணப்பதே உண்மையான மருந்து என்று அதில் வாதிட்டார். ஆக, சாதி எங்கே உயிர் வாழ்கிறதோ அந்த இடத்தில்தான் இந்தத் தளங்கள் கடை போட்டிருக்கின்றன.

அந்த இடத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்பது நம் பகுதிக்குத் தெரியாததல்ல. தருமபுரியில் 2012 நவம்பர் 7-ஆம் தேதி, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். ‘தவிர’ என்று தளத்தில் எழுதுபவர் அரிவாள் எடுப்பவர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ‘இவர்களோடு மட்டும் சம்பந்தம் கூடாது’ என்ற ஒரே எண்ணம்தான் மரியாதையான மொழியில் அங்கேயும், வெறியாக இங்கேயும் வெளிப்படுகிறது.

நம் பக்கத்தையும் மறைக்காமல் பேசுவோம். ஜவ்வாது மலைக்காரர்களிடம் கீழ்நாட்டிலிருந்து மாறுபட்ட நல்ல வழக்கங்கள் உண்டு. வரதட்சணை கேட்காமல், மாப்பிள்ளை வீட்டார் பெண்வீட்டுக்குப் பரியம் கொடுக்கும் முறை வழிவழியாக வந்தது. அதே மலையில் கீழ்நாட்டுத் தலித் குடும்பத்தோடு சம்பந்தம் என்றால் எல்லா வீடுகளும் உடனே தலையாட்டும் என்று சொல்ல முடியுமா? பட்டியல் சாதிகளுக்குள்ளேயும் ஒருவரை ஒருவர் தள்ளிவைக்கும் பழக்கம் இல்லையா? ‘எஸ்.சி., எஸ்.டி. தவிர’ என்ற வரியில் நம் இருவரையும் ஒரே கோட்டில்தான் நிறுத்துகிறார்கள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் நாம் நமக்குள் இன்னொரு கோடு போடுவது யாருக்கு நல்லது?

மறைக்க வேண்டுமா?

‘அப்படியானால் சாதியைச் சொல்லாமல் பதிவு செய்துவிடலாமே’ என்று ஒரு யோசனை வரும். இதில் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களின் அச்சம் நியாயமானது. முன்பே சொல்லாவிட்டால், பேசிப் பழகி, நிச்சயம் வரை வந்தபிறகு தெரிந்து அவமானப்பட நேரும். சில இடங்களில் அது உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பல தலித் குடும்பங்கள் தாங்களே முந்திக்கொண்டு சாதியை எழுதிவிடுகின்றன. வந்த பிறகு விரட்டுவதைவிட, வராமல் இருக்கட்டும் என்ற கசப்பான பாதுகாப்பு அது.

ஆகவே நம் பிள்ளைகளை மறைத்துக்கொள்ளச் சொல்வது தீர்வாகாது. சொல்ல விரும்புகிறவர் பெருமையோடு சொல்லட்டும். கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது, கேட்டதை வைத்து ஒதுக்கும் வசதியைச் செய்துதரக் கூடாது என்பதே கோரிக்கை. ஒளிய வேண்டியது ‘தவிர’ என்று எழுதுபவரே தவிர, நாமல்ல.

கட்டத்தை நிரப்ப மறுப்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திருப்பத்தூர் வழக்கறிஞர் ம.ஆ.சிநேகா, பள்ளிக் காலத்திலிருந்தே சாதி, மதக் கட்டங்களை நிரப்பாமல் வந்தவர். பல ஆண்டுகள் விண்ணப்பித்துப் போராடி, 2019 பிப்ரவரி 5-ஆம் தேதி ‘சாதி, மதம் அற்றவர்’ என்ற சான்றிதழை திருப்பத்தூர் வட்டாட்சியரிடமிருந்து பெற்றார். ஓர் அரசு அலுவலகமே அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியும் என்றால், ஒரு வணிகத் தளத்தால் முடியாதா? இங்கே மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: பட்டியல் சாதி, பழங்குடிச் சான்றிதழ் உங்கள் கல்வி உரிமையின் திறவுகோல். அதை யாரும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. உரிமைக்காக அரசிடம் சாதியைச் சொல்வதும், ஒதுக்குவதற்காக இன்னொருவர் அதைக் கேட்பதும் ஒன்றாகாது.

முகப்பில் என்ன எழுதலாம்?

குறை சொல்வதோடு நிற்காமல், மாற்று என்ன என்பதையும் சொல்ல வேண்டும். 2016 ஜூனில் மத்திய அரசு திருமணத் தகவல் தளங்களுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. இது திருமணத்துக்கான தளம் மட்டுமே, பழகுவதற்கான தளம் அல்ல என்று தெளிவாக அறிவிக்க வேண்டும், பதிவு செய்வோரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும், புகார் கேட்க ஓர் அதிகாரி வேண்டும் என்றெல்லாம் அதில் உள்ளது. தளம் என்ன சொல்ல வேண்டும் என்று அரசு வரையறுக்க முடியும் என்பதற்கு இது சான்று. அந்த வரிசையில் சாதியையும் சேர்க்கச் சொல்கிறோம். நாம் முன்வைப்பவை ஐந்து.

ஒன்று, பதிவுப் படிவத்தில் சாதிக் கட்டம் கட்டாயமாக இருக்கக் கூடாது. ‘சொல்ல விரும்பவில்லை’ என்பது பட்டியலின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

இரண்டு, ‘சாதி தடையில்லை’ என்று ஒருவர் தேர்ந்தெடுத்தால் அதற்கு விதிவிலக்கு எழுத இடம் தரக் கூடாது. தடையில்லை என்றால் யாருக்கும் தடையில்லை.

மூன்று, கெட்ட வார்த்தைகளையும் தொலைபேசி எண்களையும் கண்டுபிடித்து நீக்கத் தெரிந்த கணினிக்கு, ‘எஸ்.சி., எஸ்.டி. தவிர’ என்ற வரியைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையல்ல. நீக்கட்டும்.

நான்கு, பயனர் கேட்காமல் எந்தச் சமூகத்தையும் தேடலில் மறைக்கக் கூடாது. எந்த முறையில் வரன்களை வரிசைப்படுத்துகிறோம் என்பதை எல்லோருக்கும் புரியும் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

ஐந்து, முகப்பின் அந்தப் பெரிய வரி மாற வேண்டும். ‘உங்கள் சமூகத்தில் உங்கள் துணை’ என்ற தொனியை விட்டுவிட்டு, இப்படி எழுதலாம்: “படிப்பு, வேலை, குணம், விருப்பம் பார்த்துத் துணையைத் தேடுங்கள். இங்கே யாரையும் பிறப்பை வைத்து ஒதுக்க அனுமதி இல்லை. சாதி மறுத்து மணப்பவர்களுக்குச் சட்டம் துணை நிற்கும்.” இந்த மூன்று வரியில் எந்தக் கனவும் குறையவில்லை. எங்கள் மாணவரின் அக்காவும் அதைப் படித்துவிட்டு நிம்மதியாக உள்ளே போகலாம்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று சொல்பவர்கள், சென்னை பெரியார் திடலில் இயங்கும் சுயமரியாதைத் திருமண நிலையத்தைப் பார்க்கலாம். 2012-ல் சாதி மறுத்து இணை தேடுவோருக்காக ‘மன்றல்’ என்ற பெருவிழாவே சென்னையில் நடத்தப்பட்டது. சடங்கில்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணா ஆட்சியில் 1967-ல் சட்டம் இயற்றிய மாநிலம் இது. வழி இருக்கிறது. வணிகத் தளங்களுக்கு மனம் வேண்டும்.

தெரிந்துகொள்ள வேண்டியவை

தளங்கள் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வயதுவந்த இருவர் மணப்பதில் குடும்பமோ ஊரோ தலையிடச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 27-ஆம் தேதி சக்தி வாகினி வழக்கில் தீர்ப்பளித்தது. மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோர் கொண்ட தனிப் பிரிவு இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மிரட்டல் வந்தால் அந்தப் பிரிவிடம் எழுத்து மூலம் பாதுகாப்பு கேட்கலாம். பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

தமிழ்நாடு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு கலப்புத் திருமண நிதியுதவித் திட்டத்தில், மணமக்களில் ஒருவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவும் மற்றவர் வேறு சமூகத்தவராகவும் இருந்தால் 25,000 ரூபாயும், பட்டம் அல்லது பட்டயம் பெற்றிருந்தால் 50,000 ரூபாயும், அத்துடன் தாலிக்கு 8 கிராம் தங்கமும் உண்டு. சமூகநலத் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு தளத்தின் முகப்பில் எழுதுவதற்கு இரண்டு விரற்கடை இடம் போதும்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். நீங்களோ உங்கள் வீட்டாரோ பயன்படுத்தும் தளத்தில் ‘தவிர’ என்ற வரியைப் பார்த்தால், அதைக் கடந்து போய்விடாதீர்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள். தளத்தின் புகார் அதிகாரிக்கு அனுப்புங்கள். தோல் நிறக் கட்டத்தை நீக்க வைத்தவர்களும் உங்களைப் போல ஒரு கைப்பேசியும் கோபமும் மட்டுமே வைத்திருந்தவர்கள்தான்.

அந்த நெல்லிவாசல்நாட்டு மாணவர் அக்காவின் பதிவை நீக்கிவிடலாமா என்று நம்மிடம் கேட்டார். வேண்டாம் என்றோம். முகப்பில் அழைத்தவர்கள் அவர்கள். அழைத்த வீட்டில் உட்கார இடம் கேட்பது நம் உரிமை.